கேட்பவரிடம் விடை இல்லாத கேள்வி: ஆங்கிலப் பேச்சுத் தேர்வும் கல்வராயன் மலை மாணவர்களும்

ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கிறது. முதல் கட்டத்தில் ஊர், வீடு, படிப்பு, வேலை பற்றிய எளிய கேள்விகள் வரும். இரண்டாம் கட்டத்தில் ஒரு தலைப்பு அச்சிட்ட அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை தொடர்ந்து பேசச் சொல்வார்கள். மூன்றாம் கட்டத்தில் தேர்வாளர் அதே தலைப்பைச் சொந்த அனுபவத்திலிருந்து பொதுக் கருத்துக்கு உயர்த்துவார். பிடித்த ஆசிரியரைப் பற்றிப் பேசி முடித்தவரிடம், நாளை ஆசிரியரின் இடத்தை இயந்திரம் பிடித்துவிடுமா என்று கேட்கலாம். பார்த்த காட்டைப் பற்றிப் பேசியவரிடம், காட்டைக் காப்பாற்ற அங்கே வாழும் மனிதர்களை வெளியேற்ற வேண்டுமா என்று கேட்கலாம். அதுவரை ஓரளவு சரளமாகப் பேசிய மாணவர் இந்த இடத்தில் வாயடைத்துப் போனால், ஆங்கிலம் போதவில்லை என்று ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவருமே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு பாதிதான் சரி. கடினமான கேள்வியில் பெரும்பாலும் கடினமாக இருப்பது, ஒரு நிலைப்பாட்டை எடுத்து அதற்குக் காரணம் சொல்லும் வேலை. அந்த வேலையை நம் பள்ளிகள் எந்த மொழியிலும் மாணவரிடம் கேட்பதில்லை. அதைத் தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதே முறையான பயிற்சி என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கக் கள்ளக்குறிச்சி மாவட்டமும் அதன் மேற்கே உயரும் கல்வராயன் மலையும் பொருத்தமான இடம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாக இயங்கும் கள்ளக்குறிச்சியில், 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பொறியியலும் செவிலியமும் படித்து வெளிநாட்டு வேலையை எண்ணிப் பார்க்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இம்மாவட்டத்தில் இருக்கிறார்கள். ஐ.இ.எல்.டி.எஸ். வழியாகப் பிரிட்டனில் செவிலியராகப் பதிவுசெய்யப் பேச்சுப் பகுதியில் 7 பேண்ட் (மதிப்பீட்டு நிலை) தேவை. மலையின் கதை இன்னும் பிந்தித் தொடங்குகிறது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலை வட்டத்தில் பெரும்பான்மையோர் மலையாளி பழங்குடியினர். நாடு விடுதலை அடைந்த பிறகும் 1976 வரை இம்மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. மாநிலப் பழங்குடியினரின் எழுத்தறிவு 54 விழுக்காடு. மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தானாக முன்வந்து வழக்கு எடுக்கும் அளவுக்குக் குறைகள் நீடித்தன. இம்மக்களின் வீட்டு மொழி தமிழ். ஆகவே, வீட்டு மொழியும் பள்ளி மொழியும் வேறாக இருக்கும் பிற பழங்குடிப் பகுதிகளின் சிக்கல் இங்கே இல்லை. பேச்சுப் பயிற்சிக்கான அடித்தளம் மலையிலேயே இருக்கிறது.

தேர்வு எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுக்கு நான்கு அளவுகோல்கள் உண்டு: தடையற்ற, கோவையான பேச்சு, சொல்வளம், இலக்கண வகைமையும் பிழையின்மையும், உச்சரிப்பு. நான்குக்கும் சம மதிப்பு. சொன்ன கருத்து சரியா, தகவல் உண்மையா என்பதற்கு மதிப்பெண்ணே இல்லை. அப்படியானால் கருத்துக்கு வேலையே இல்லை என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு பேண்டுக்கும் எழுதப்பட்டுள்ள விளக்கத்தைப் படித்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. 5ஆம் பேண்டில் இருப்பவர், சொன்னதையே திரும்பச் சொல்லியும் திருத்திக்கொண்டும் மெதுவாகப் பேசியும் ஓட்டத்தைக் காப்பாற்றுகிறார். 6இல் இருப்பவர் நீளமாகப் பேச முன்வருகிறார், சில இடங்களில் கோவை நழுவுகிறது. 8, 9 பேண்டுகளிலும் தயக்கம் அனுமதிக்கப்படுகிறது. ஆனால் அது சொல்லைத் தேடும் தயக்கமாக இல்லாமல் கருத்தைத் தேடும் தயக்கமாக இருக்க வேண்டும். உயர்ந்த நிலையில் பேசுபவரும் யோசிக்கத்தான் செய்வார் என்பதைத் தேர்வே ஒப்புக்கொள்கிறது. கேட்பவர் எடைபோடும் பேச்சு, கருத்து உருவாகும்போது பிறக்கும் பேச்சு. கருத்தே உருவாகாத இடத்தில் கோவை என்ற அளவுகோலைத் தொடவும் முடியாது.

நம் வகுப்பறையில் எப்படிப்பட்ட கேள்விகள் எழுகின்றன என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு மாணவர்கள் தமிழ்ப் பாடத்தில் அதைப் படிக்கிறார்கள். விடையைத் தெரிந்துவைத்துக்கொண்டு கேட்பது அறிவினா; தெரியாததால் கேட்பது அறியாவினா. வகுப்பறையில் பெரும்பகுதி கேட்கப்படுவது அறிவினா. மொழியியலாளர்கள் சிங்க்ளேரும் கூல்தார்டும் 1975இல் ஆங்கிலேயப் பள்ளிகளின் பேச்சை ஆராய்ந்து, ஆசிரியர் கேட்கிறார், மாணவர் சொல்கிறார், ஆசிரியர் சரி அல்லது தவறு என்கிறார் என்ற மூன்று அடுக்கு அமைப்பைக் காட்டினார்கள். நம் வகுப்புகளில் இந்த நடு அடுக்கும் பல நேரம் ஒருமித்த குரலாகவே ஒலிக்கிறது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் செய்த ஆய்வில், கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அந்தக் காத்திருப்பை மூன்று நொடியாக நீட்டியபோது மாணவரின் விடைகள் நீண்டன, காரணம் சொல்வது கூடியது, தெரியாது என்ற பதில் குறைந்தது. பேச்சுத் தேர்வின் மூன்றாம் கட்டக் கேள்வி அறிவினா அன்று. தேர்வாளரின் கையில் சரியான விடை எதுவும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அறிவினாவுக்கு மட்டுமே விடை சொல்லிப் பழகிய மாணவர், அந்த இடத்திலும் எங்கோ ஒளிந்திருக்கும் ஒரே சரியான விடையைத் தேடுகிறார். அது கிடைக்காததால் நின்றுபோகிறார்.

பள்ளித் தேர்வும் இந்தப் பழக்கத்தை மாற்றுவதில்லை. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வு 100 மதிப்பெண்ணுக்கான எழுத்துத் தேர்வு. மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வகுப்பு நேரமும் போகும். மலையில் உள்ள அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் ஆசிரியர்களும் இதே நெருக்கடியில்தான் வேலை செய்கிறார்கள். தேர்ச்சி விகிதம் கேட்கப்படுகிறதே தவிர மாணவர் பேசினாரா என்று யாரும் கேட்பதில்லை. மலைக் குழந்தைகள் இயல்பிலேயே பேசாதவர்கள் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகும் பழக்கமும் கல்வி உலகில் இருக்கிறது. அந்தக் கருத்துக்கு மறுப்பாக, மானிடவியலாளர் சூசன் பிலிப்ஸ் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடிக் குடியிருப்பில் நடத்தி 1972இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. முழு வகுப்பின் முன் தனியாக எழுப்பிக் கேட்டபோது வாய் திறக்காத குழந்தைகள், சிறு குழுவில் வேலை செய்தபோதும் ஆசிரியரிடம் தனியே பேசியபோதும் நன்றாகவே பேசினார்கள். மௌனத்துக்குக் காரணம் பிள்ளையின் இயல்பு அன்று, பேசச் சொன்ன சூழல். வார்ம் ஸ்பிரிங்ஸ் வேறு, வெள்ளிமலை வேறு என்பது உண்மைதான். ஆனாலும், பேசாத மாணவரைப் பற்றி முடிவெடுக்கும் முன் பேச்சுக்கான அமைப்பை மாற்றிப் பார்க்க வேண்டும் என்ற பாடம் எந்த மலைக்கும் பொருந்தும்.

மொழியும் கருத்தும் எப்படி ஒன்றையொன்று நெருக்குகின்றன என்பதை உளமொழியியல் விளக்குகிறது. பேச்சு மூன்று படிகளில் உருவாகிறது என்றார் டச்சு அறிஞர் வில்லெம் லெவெல்ட் தம் 1989ஆம் ஆண்டு நூலில்: சொல்ல வேண்டியதைத் தீர்மானிப்பது, அதற்குச் சொல்லும் இலக்கணமும் பொருத்துவது, ஒலியாக வெளியிடுவது. தாய்மொழியில் பின்னிரண்டும் ஏறக்குறையத் தானாக நடந்துவிடுகின்றன. இரண்டாம் மொழியில் அவையும் கவனத்தைக் கேட்கின்றன. முதல் படியும் புதிதாக இருந்துவிட்டால் மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் ஒரே கவனத்துக்குப் போட்டியிடும். செவிலியர்கள் எழுதும் ஓ.இ.டி. தேர்வு இதற்கு நல்ல ஒப்புமை. அதில் நோயாளியாக நடிப்பவரோடு இரண்டு உரையாடல்கள் நடத்த வேண்டும். மொழித்திறனோடு, நோயாளியின் கவலையைக் கேட்டறிவது, புரியும்படி விளக்குவது போன்ற தொடர்புத் திறன்களுக்கும் 2018 முதல் மதிப்பெண் உண்டு. கள்ளக்குறிச்சி மருத்துவமனை வார்டில், ஊசி வேண்டாம் என்று மறுக்கும் முதியவருக்குத் தமிழில் காரணம் சொல்லிப் பழகிய செவிலியருக்கு அந்த முதல் படி ஏற்கெனவே கைவந்தது. அவர் ஆங்கிலத்துக்காக மட்டும் பாடுபட்டால் போதும். பொதுக் கருத்துக் கேள்வியைச் சந்திக்கும் மாணவருக்கும் அதே முன்தயாரிப்பைத் தர முடியும்.

கேள்வியைக் கையாளும் உத்திகளும் கற்பிக்கக் கூடியவையே. மொழியியலாளர்கள் மைக்கேல் கனேலும் மெரில் ஸ்வெயினும் 1980இல், மொழித்திறன் என்பதற்குள் இலக்கண அறிவு, சமூக அறிவு ஆகியவற்றோடு உத்தித் திறனையும் சேர்த்தார்கள். சொல் கிடைக்காதபோதும் கேள்வி புரியாதபோதும் உரையாடலை முறியவிடாமல் காப்பது அந்தத் திறன். நன்னூலின் எட்டு வகை விடைகளில் மூன்று வெளிப்படையானவை, ஐந்து குறிப்பானவை. ஆம், இல்லை என்பதற்கு அப்பாலும் விடை உண்டு என்று நம் இலக்கணமே சொல்லியிருக்கிறது. அருங்காட்சியகங்கள் இலவசமாக இருக்க வேண்டுமா என்று கேட்டால், அருங்காட்சியகத்துக்கே போகாத மாணவர் பொய்யாக ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. நான் போனதில்லை, ஆனால் எங்கள் பகுதியில் அருவியைப் பார்க்க வருபவர்களிடம் கட்டணம் வாங்கலாமா என்ற கேள்வி உண்டு, அதை வைத்துச் சொல்கிறேன் என்று தொடங்கலாம். இது, கேட்டதற்கு இனமான ஒன்றைச் சொல்லும் இனமொழி விடைக்கு நெருங்கிய வழி. கருத்தின் சரிதவறுக்கு மதிப்பெண் இல்லாத தேர்வில் இது முழுக்க நேர்மையான விடை. கேட்ட கேள்விக்கு இறுதியில் திரும்பி வந்து முடிப்பது மட்டும் கட்டாயம். அதுபோல, தெரியாத சொல்லைச் சுற்றி விளக்கிச் சொல்வதைச் சொல்வளத்தின் பகுதியாகவே தேர்வு மதிப்பிடுகிறது. 4ஆம் பேண்டில் இருப்பவர் அதை அரிதாகவே முயல்கிறார். 7இல் இருப்பவர் திறம்படச் செய்கிறார். கடுக்காய்க்கு ஆங்கிலச் சொல் தெரியாதவர், மருந்துக்கும் தோல் பதனிடவும் பயன்படும் ஒரு காட்டுக் காய் என்று விளக்கினால் அவர் சொல்வளம் உள்ளவராகவே கருதப்படுவார்.

காட்டைக் காப்பாற்ற மனிதர்களை வெளியேற்ற வேண்டுமா என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம். நகரத்து மாணவருக்கு இது பாடநூல் விஷயம். கல்வராயன் மலை மாணவருக்கு வீட்டு விஷயம். முழுவதும் வெளியேற்றுவது தவறு என்பது அவர் நிலைப்பாடாக இருக்கட்டும். காட்டுக்குள் வாழ்பவர்களுக்குத்தான் தீ எங்கே பிடிக்கும், எந்த ஓடை எப்போது வற்றும் என்று தெரியும் என்பது காரணம். கடுக்காயும் நெல்லியும் தேனும் எடுப்பவர்களுக்கு அடுத்த ஆண்டும் அந்த மரம் வேண்டும் என்பது சான்று. மரவள்ளிக்காக நிலம் விரிவாக்கப்படும்போதும், சுற்றுலாவுக்கு வருபவர்கள் குப்பை போடும்போதும் காட்டுக்குக் கேடு வருகிறது என்பது எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும் இடம். ஆகவே ஊர்க்கூட்டம் வகுக்கும் விதிகளுக்கு உட்பட்டு மக்கள் அங்கே இருக்கலாம் என்பது நிபந்தனையோடு கூடிய முடிவு. நிலைப்பாடு, காரணம், சான்று, மறுதரப்பு, நிபந்தனை என்ற ஐந்தும் வந்துவிட்டால் ஒரு நிமிடத்துக்கு மேல் கோவையாகப் பேச முடியும். இதற்குத் தேவையான ஆங்கிலம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஏனென்றால், ஆனால், இருந்தால் மட்டுமே, உதாரணமாக என்ற பொருளில் வரும் இணைப்புச் சொற்களும், நிபந்தனை வாக்கியமும் கையில் இருந்தால் போதும். இங்கே மலை மாணவரின் வாழ்க்கை அறிவு அவருக்கு முதலாகிறது.

இதற்கு முதல் மறுப்பு பயிற்சி மையங்களின் வழக்கத்திலிருந்து வரும்: நேரம் குறைவு, கட்டணம் அதிகம், ஆகவே வரக்கூடிய தலைப்புகளுக்கு விடைகளை மனப்பாடம் செய்வதே நடைமுறைக்கு ஏற்றது. சில வாரங்களில் தேர்வை எழுதியாக வேண்டியவரின் பதற்றம் புரிந்துகொள்ளத் தக்கது. ஆனால் மனப்பாடம் முதல் கட்டத்தைத் தாண்டி உதவாது. மூன்றாம் கட்டத்தில் தேர்வாளர் முந்தைய விடையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியை அமைப்பார், ஏன் என்று துருவுவார். பாடமாகச் சொன்ன பத்திக்கும் அதன் பிறகு வரும் சொந்த வாக்கியத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு உடனே தெரிந்துவிடும். மனப்பாடத் தொடர்களை நம்பியிருப்பது இலக்கண அளவுகோலில் 3ஆம் பேண்டின் அடையாளமாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அடிப்படைச் சொற்களும் எளிய வாக்கியங்களும் இல்லாத மாணவருக்குக் கருத்துப் பயிற்சியால் தேர்வில் பயன் இராது. அவருக்கு மொழிதான் முதல் தேவை. இங்கே முன்வைக்கும் வழி 5 பேண்டைத் தொட்டுவிட்டு 6.5க்கும் 7க்கும் ஏற முடியாமல் நிற்பவர்களுக்கும், இன்னும் பள்ளியில் இருப்பவர்களுக்கும் உரியது.

இரண்டாம் மறுப்பு இன்னும் வலுவானது. தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்றுவதுதான் தடுமாற்றத்துக்குக் காரணம். அப்படியிருக்க, தமிழில் தொடங்கச் சொல்வது நோயையே மருந்தாகக் கொடுப்பது ஆகாதா? வாக்கியத்தைப் பெயர்ப்பதும் காரணத்தைக் கொண்டுபோவதும் வேறு வேறு. முன்னது உண்மையிலேயே பேச்சைத் தடுக்கும். பின்னது பேச்சுக்கு அடித்தளம். ஒரு மொழியில் வளர்ந்த வாதிக்கும் திறனும் பொருளைத் தொகுக்கும் திறனும் மற்றொரு மொழிக்கும் பொதுவாக நிற்கின்றன என்பது கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1970களின் இறுதி முதல் முன்வைத்துவரும் கோட்பாடு. இரண்டாம் மொழியில் போதிய பழக்கமும் கிடைத்தால்தான் அது பலிக்கும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். நடைமுறையில் ஒரு வேறுபாட்டை மட்டும் ஆசிரியர் வெளிப்படையாகக் கற்பிக்க வேண்டும். தமிழ் வாக்கியத்தில் காரணம் முன்னே வந்து முடிவு கடைசியில் வினையோடு நிற்கும். ஆங்கிலத்தில் முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பின்னே அடுக்குவது வழக்கம். முடிவை முதலில் சொல்லிப் பழகினால் தேர்வாளருக்கு விடையின் திசை உடனே தெரியும். மாணவருக்கும் நடுவில் வழி தவறாது. கருத்தைத் தமிழில் விவாதித்து, ஐந்து குறிப்புகளாகச் சுருக்கி, அந்தக் குறிப்புகளிலிருந்து நேரே ஆங்கிலத்தில் பேசுவதே சரியான வரிசை. இடையில் தமிழ் வாக்கியத்தை எழுதிவைத்துப் பெயர்க்கும் படி வேண்டாம்.

மூன்றாம் மறுப்பு நீதி சார்ந்தது. மலைப் பிள்ளையை மாற்றுவதை விட்டுவிட்டு, நகரத்து மேல்தட்டு வாழ்க்கையை அளவாகக் கொண்ட தேர்வை மாற்றுங்கள் என்று கேட்கலாம். கேள்வி கேட்பவரால் மதிப்பெண் மாறும் என்பதற்குச் சான்று உண்டு. ஒரே மாணவியை இரு தேர்வாளர்கள் தனித்தனியே நேர்காணல் செய்தபோது, கேள்விகளைத் தெளிவாக அமைத்து ஊக்கம் கொடுத்தவரிடம் அவர் திறமையானவராகத் தெரிந்தார், மற்றவரிடம் அப்படித் தெரியவில்லை என்று ஆய்வாளர் ஆனி பிரவுன் 2003இல் காட்டினார். இத்தகைய வேறுபாட்டைக் குறைக்கவே 2001இல் திருத்தியமைத்த ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் தேர்வாளரின் பேச்சு எழுத்து வடிவில் வரையறுக்கப்பட்டது. அதன் மறுபக்கமாக, முதல் கட்டத்தில் அவர் கேள்வியைத் திரும்பச் சொல்லலாமே தவிர விளக்க முடியாது. மூன்றாம் கட்டத்தில் வேறு விதமாகக் கேட்க இடம் உண்டு. திரும்பக் கேட்பது தன் உரிமை என்பதை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும். தலைப்பு பற்றிய முன்னறிவைப் பொறுத்தவரை, ஆய்வாளர் நஹல் கப்பாஸ்பாஷி 81 ஈரானிய மாணவர்களை வைத்து நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு, முன்னறிவு பேச்சைப் பாதிப்பதைக் கண்டது. ஆனால் மதிப்பெண்ணைப் பெரிதும் மாற்றும் அளவுக்கு அந்த விளைவு பெரிதாக இல்லை. தலைப்புகள் விரிய வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது, அதைத் தொடர்ந்து எழுப்ப வேண்டும். அது நிறைவேறும்வரை மாணவரைக் காத்திருக்கச் சொல்வது நியாயமாகாது.

கடைசி மறுப்பு, இதெல்லாம் மலையை விட்டு வெளியேறுவதற்கான பயிற்சிதானே என்பது. ஆங்கிலத் தேர்வு வெளியே போகும் வாசல்தான். அதைத் திறந்துவைப்பது நம் கடமை. ஆனால் காரணம் சொல்லும் திறனுக்கு ஊரிலேயே வேலை இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், உரிமைக் கோரிக்கையை முதலில் ஆராயும் அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுக்கிறது. அதன் விதிகள் ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியை எழுத்தில் பதிந்து சான்றாக ஏற்கின்றன. எந்த நிலத்தில், எத்தனை தலைமுறையாக, எதை விளைவித்தோம் என்று கோவையாகச் சொல்லத் தெரிந்தவரின் பேச்சு அங்கே சட்ட ஆவணமாகிறது. ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர் கூட்டத்திலும், அரசுப் பணி நேர்காணலிலும் கேட்கப்படுவது இதே திறன்தான். தங்கள் உழைப்பை நெடுங்காலம் கொடுத்தும் கருத்து கேட்கப்படாத மக்களின் பிள்ளைகளுக்கு, கருத்துச் சொல்லும் பயிற்சி ஒரு தேர்வுக்கான உத்தி என்ற அளவில் நின்றுவிடாது.

செய்ய வேண்டியவை அதிகச் செலவு பிடிப்பவை அல்ல. மலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் மாணவர் மாலையிலும் பள்ளியிலேயே தங்குகிறார்கள். நேரம் கையில் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒருமுறை, நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுக்களில், ஆசிரியரிடமும் விடை இல்லாத ஒரு கேள்வியைத் தமிழில் விவாதிக்கட்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அதே கேள்விகளைக் குறிப்புகளின் துணையோடு ஆங்கிலத்தில் பேசட்டும். ஆசிரியர் கேட்டுவிட்டு மூன்று நொடி காத்திருக்கட்டும். பத்தாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணில் ஒரு சிறு பங்கைப் பேச்சுக்கு ஒதுக்கினால் இந்த நேரம் வேறு பாடத்துக்குப் பறிபோகாது. ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்குத் தாட்கோ வழியாக அளிக்கப்படும் தேர்வுப் பயிற்சியிலும், மாதிரி விடைகளுக்குச் செலவிடும் நேரத்தைக் காரணம் கேட்டு வாதிப்பதற்கு மாற்றலாம். கடினமான கேள்விக்கு விடை சொல்லும் திறன் தேர்வுக்கு மூன்று மாதம் முன்னால் ஆங்கில வகுப்பில் சேரும்போது பிறப்பதில்லை. பிள்ளையின் கருத்தை ஒருவர் உண்மையாகக் கேட்டு, ஏன் என்று மறுபடியும் கேட்கும் வகுப்பில்தான் அது வளர்கிறது. அந்த வகுப்பை வெள்ளிமலையில் தொடங்குவது கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வித்துறையாலும் பழங்குடியினர் நலத்துறையாலும் இன்றே முடிகிற காரியம்.